நடவு மெஷின் படிக்கப் போனவனின் ஜப்பான் பாட்டுகள்

ஜப்பான் போய் வந்தவன் என்பதால் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். நடவு மெஷினைப் பற்றி எழுது, நாற்றுத் தட்டைப் பற்றி எழுது, அங்கே ஒரு மா நிலத்தில் எத்தனை மூட்டை காண்கிறது என்று எழுது என்றார்கள். அதையெல்லாம் எழுத வேளாண்மை அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். ஜப்பானில் இளவட்டங்கள் கேட்கிற பாட்டுகள், பாடுகிறவர்கள், நம் பக்கத்துப் பையன்கள் எதை முதலில் கேட்கலாம் என்பது. நடுவில் மெஷினும் வரும், ஒன்பது மா நிலமும் வரும். அதற்கு நான் பொறுப்பில்லை. பயணம் அப்படி அமைந்தது.

"உனக்கு எதுக்குடா ஜப்பான் பாட்டு?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. பெரிய வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பாட்டுக் கேட்டால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. குத்தகைக்காரர் மகன் காதில் வயர் மாட்டினால் மட்டும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்வதில்லை. பிடித்திருக்கிறது, கேட்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கதிரவன் என்ற பெயரைக்கூட அப்பா யோசித்து வைக்கவில்லை, கட்சிக் கிளைச் செயலாளர் வைத்தார். பாலிடெக்னிக் படித்தபோது அரசாங்கம் இலவச மடிக்கணினி கொடுத்தது. மூடியில் முதலமைச்சர் படம், உள்ளே ஒன்றுமில்லை. விடுதித் தோழன் ஒருவன் ஜப்பான் பொம்மைப் படத் தொடர் ஒன்றை அதில் ஏற்றிவிட்டான். கதை பாதி புரியவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் வந்த பாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்று, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழு. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஜப்பான் எழுத்துகளில் எளிய வகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். பாட்டைச் சரியாகப் பாட வேண்டும் என்பதற்காகப் படித்தது அது. வேறு நோக்கம் இல்லை.

அதுதான் என்னை விமானத்தில் ஏற்றியது. நான் வேலை செய்த நடவு மெஷின் விற்பனைக் கடையிலிருந்து இரண்டு பேரை எட்டு நாள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் முதலாளி ரகு சார். கூட, மெஷினும் தெரிந்து அந்த எழுத்தையும் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் தேடினால் என்னைத் தவிர யார் கிடைப்பார்கள்?

ரகு சார் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் தம்பி மகன். அங்கேதான் சிக்கல். எங்கள் அப்பா கோவிந்தன் உழுகிற ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், பெரிய வீட்டு நிலம். தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவில் அப்பா பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இருக்கும் வரை நிலத்தை மனை போட்டு விற்க முடியாது. ஆகவே ஒரு கடிதம் தயார் செய்திருந்தார்கள்: "குத்தகை உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து நிலத்தை ஒப்படைக்கிறேன்." அப்பா கைநாட்டு வைத்தால் முடிந்தது. அப்பா ஒரே பதில்தான் சொன்னார். "பையன் படிச்சுப் பாத்துட்டு வைக்கலாம்னா வைக்கிறேங்க."

பையன் படித்துப் பார்த்தான். பதில் சொல்லாமல் இருந்தான். காரணத்தை மறைக்கப் போவதில்லை. கைநாட்டு விழுந்தால் எனக்கு வேலை நிரந்தரம், அடுத்த ஆண்டே ஜப்பானில் மூன்று வருஷ வேலைக்கு அனுப்பி வைக்கிறேன் என்று ரகு சார் சொல்லியிருந்தார். எனக்கு ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. மேட்டூர் திறந்து குறுவைக்கு உழவு தொடங்குமுன் காரியம் முடிய வேண்டும் என்பது பெரிய வீட்டின் அவசரம். நாங்கள் திங்கட்கிழமை போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை காலை பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை கடிதத்தோடு அப்பாவிடம் போவார், அப்பா எனக்குப் போன் செய்வார், நான் சரி என்பேன். ஏற்பாடு இப்படி.

திங்கட்கிழமை பசியோடுதான் தொடங்கியது. ஸ்டேஷன் கடையில் முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டை விற்றார்கள். மேலே கடற்பாசித் தாள் சுற்றியிருந்தது. காகிதத்தை எந்த முனையில் கிழிப்பது என்று அதிலேயே எண் போட்டிருந்தும் நான் பின்பக்கமிருந்து தொடங்கினேன். சோறு என் கையில், பாசி காகிதத்தோடு. ரகு சார் சைவம். அவர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தார், நடுவில் மீன். அன்றிலிருந்து பெரும்பாலும் அவர் வெறும் சோற்றில் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்துதான் சாப்பிட்டார். சோறு குழைந்து ஒட்டுவதைப் பார்த்து, "இத நம்ம வீட்ல வச்சா சண்டைடா" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே கட்சி.

நாங்கள் போனது நீகத்தா பக்கம். நெல் நாடு. மே மாதம் அவர்களுக்கு நடவுக் காலம். ரயில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கட்டிய வயல், அந்தப் பக்கம் மலை மேல் இன்னும் உருகாத பனி. நம் ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று ஆட்சிக்கு ஆட்சி மேடையில் பேசுவார்கள், அங்கே மலையே தண்ணீரை வைத்திருந்து விடுகிறது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் முதல் பரிந்துரை. அசெமிச்சி என்று ஒரு நால்வர் குழு. அந்தப் பெயருக்கு வரப்பு என்று அர்த்தம். நெல் நாட்டுப் பையன்கள் நாலு பேர் பட்டணத்துக்குப் போய்த் தங்கள் குழுவுக்கு வரப்பு என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். நம்மில் எவனாவது வைப்பானா? ஊர்ப் பெயரைக் கேட்டால்கூடத் திருக்காட்டுப்பள்ளியை விழுங்கிவிட்டுத் தஞ்சாவூர் என்கிறவர்கள் நாம். அவர்களுடைய பாட்டு ஒன்று, மழைக்கு முந்தின நாள் என்று தலைப்பு. அதன் பல்லவியில் "தாரே நி மோ" என்று இழுப்பார்கள். எங்கள் அம்மா பேச்சில் "இரு, தாரேன்" என்றால் தருகிறேன் என்று பொருள். விடுதியில் நாங்கள் அப்படியேதான் எடுத்துக்கொண்டோம். மெஸ்ஸில் சோறு போடுகிறவன் அகப்பையை நீட்டி "தாரே" என்று பாடுவான், தட்டு ஏந்தியவன் "நி மோ" என்பான். மூன்று வருஷம் அது எங்களுக்குக் கொடுக்கிற பாட்டு. பெரிய வீட்டுக் கடிதம் வந்த பிறகும் அந்தப் பாட்டைக் கேட்டு, கொடுத்துவிட்டால் என்ன என்று நினைத்த நாள் உண்டு.

செவ்வாய்க்கிழமை பயிற்சி தொடங்கியது. கற்றுக்கொடுத்தவர் மாயு என்ற பெண். எனக்கு எழுத்துதான் தெரியும், பேச்சு அரைகுறை, மீதியை அவர் போனில் இருந்த மொழிபெயர்ப்பு சொன்னது. என் வயதுதான் இருக்கும், நீலச் சட்டையில் கிரீஸ் கறை. நடவு மெஷினில் நாற்றைக் கிள்ளி ஊன்றுகிற விரல்களைக் கழற்றி மாட்ட எனக்கு அரை மணி ஆகும், அவருக்கு ஏழெட்டு நிமிடம். என்னைக் கதிர்-சான் என்றார், ரகு சாரை ரகு-சான் என்றார். சான் என்பது நம்முடைய ங்க மாதிரி. வாங்க, சொல்லுங்க என்பதில் இருக்கிற மரியாதை அது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. ரகு சாருக்கு அது ஒரு மாதிரி இருந்தது. "நான் ஓனர்னு சொல்லுடா அவகிட்ட" என்றார். சொன்னேன். மாயு குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் ரகு-சான் என்றார்.

மதியச் சாப்பாட்டில் என் போனில் இருந்த பாட்டுகளை மாயு பார்த்தார். அசெமிச்சியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "இத எங்க அண்ணன்தான் கேப்பான். முப்பத்தஞ்சு ஆகுது, இன்னும் பொண்ணு கெடைக்கல" என்றார். பிறகு தனக்குப் பிடித்த பாடகியைச் சொன்னார். நமேகுஜி. ஓடில்லாத நத்தை என்று பொருள். ஒரு பெண், புகழ் வேண்டி மேடைக்கு வருகிறவள், அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறாள். இவள் குரல் உயரத்துக்குப் போகும்போது உடையும். உடைந்ததைச் சரி செய்யாமல் அப்படியே பதிந்து வெளியிடுவாள். காயாத துணி என்ற பாட்டை முதலில் கேளுங்கள். அடைமழையில் ஒரே ஒரு நல்ல சட்டை காயாமல் இன்டர்வியூவுக்கு ஈரத்தோடு போகிறவனைப் பற்றியது. விடுதியில் இருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நான் ஈரச் சட்டையோடுதான் ரகு சார் கடைக்கு முதல் நாள் போனேன்.

மாலை ஐந்து மணிக்கு வயல் நடுவே இருந்த கம்பத்தில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. ரகு சார் திடுக்கிட்டார். "என்னடா, இங்கயும் கட்சி மீட்டிங்கா?" இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று ஊராட்சி போடுகிற மெட்டு அது. ஒரே நிமிடம், நின்றுவிட்டது. யாரையும் வாழ்க என்று சொல்லவில்லை, யாரையும் ஒழிக என்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி அவ்வளவு சாதுவாக இருக்க முடியும் என்பதே எனக்குச் செய்திதான்.

புதன்கிழமை தொலைந்து போனோம். அங்கே சில ரயில்கள் ஒரு ஸ்டேஷனில் இரண்டாகக் கழன்று, முன்பெட்டிகள் ஒரு திசைக்கும் பின்பெட்டிகள் வேறு திசைக்கும் போகும். அறிவிப்பும் செய்தார்கள். நான் காதில் நமேகுஜியை வைத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது வயலே இல்லை, இரண்டு பக்கமும் மலை. ரகு சார் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். "பாட்டாம் பாட்டு. திருவையாத்துல முன்வரிசையில உக்காந்து கேட்டவன்டா நான். அதுக்குப் பேரு பாட்டு. இது பூனையக் கதவுல நசுக்குன சத்தம். இதக் கேட்டுட்டு என்னையும் சேத்து மலையில கொண்டாந்து விட்ருக்க."

தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொண்டேன். பாட்டின் மேல் பழி போட்டதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "தூங்கியிருந்தாலும் இதான் சார் ஆயிருக்கும். தூக்கத்த யாரும் திட்டுறதில்ல" என்றேன்.

இறங்கிய ஸ்டேஷனில் ஊழியர் ஒரே ஒருவர். ஐம்பது வயதிருக்கும். அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து என்றார். என் காது வயரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று சைகை காட்டினார். காட்டினேன். நமேகுஜியைத் தெரியவில்லை. ஆனால் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய அட்டவணைத் தாளின் பின்புறம், நான் வாசிக்கும்படி எளிய எழுத்தில், மூன்று பாட்டுகளை எழுதித் தந்தார். மூன்றும் அவருடைய இருபது வயதில் வந்தவை. ஒரே பாடகர். கார், கடற்கரைச் சாலை, அடித்துச் செல்லும் காற்று, இவ்வளவுதான் பாட்டில். வேலை, வீடு, வயல் எதுவும் கிடையாது. "எங்க ஊர்ல அப்ப யாருகிட்டயும் கார் இல்ல. அதனாலதான் கேட்டோம்" என்றார், என் போன் மொழிபெயர்த்தது. தம்பிகளே, அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, சுமை இல்லாத டிராக்டரைக் கல்லணைச் சாலையில் திருப்பிக் கொண்டுவரும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். கார் வாங்கிய பிறகு கேட்டால் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மெஷினில் கையோடியது. பாய் மாதிரி வளர்த்த நாற்றை நெளியாமல் ஏற்றினேன், வரிசை பிசகாமல் ஓட்டினேன். மாயு இரண்டு விரலை நெற்றியில் வைத்து சலாம் போட்டார். மதியம் நூடுல்ஸ் கடையில் ரகு சார் தன் கிண்ணத்திலிருந்து எதையோ பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே பேசினார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான்.

"நாளைக்கு உங்கப்பா போன் பண்ணுவாரு. சட்டுனு சரின்னு சொல்லிடு. கெழவர் கொழப்பிக்கப் போறாரு."

"யோசிக்கிறேன் சார்."

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? ஒனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒன்பது மாவ வச்சு உங்கப்பா என்னத்தக் கண்டாரு? நீ சேத்துல எறங்கப் போறியா? இந்தப் பாட்டெல்லாம் கேக்குற பையன் நாத்துப் பறிப்பியா?"

அவர் சொன்னதில் பாதி எனக்குள்ளேயே இருந்தது. பாட்டுக் கேட்கிறவன் வேறு ஆள், சேற்றில் நிற்கிறவன் வேறு ஆள் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. வயலில் மெஷின் இறக்க முடியாது என்று பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். மாயு எங்களைப் பாட்டு அறைக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னச் சின்ன அறைகள் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே டிவி, இரண்டு மைக். மெட்டு வரும், வரிகள் திரையில் ஓடும், நாம் பாட வேண்டும். பட்டப்பகலில் பக்கத்து அறையில் பள்ளிக்கூட டீச்சர்கள் மாதிரி நாலு பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் பாடுகிற ஆசை வந்தால் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், அங்கேயும் ஒருவன் வந்து என்ன தம்பி உடம்பு சரியில்லையா என்பான்.

நான் மழைக்கு முந்தின நாளைப் போட்டேன். மூன்று வருஷம் பாடிய பாட்டு, திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பல்லவி வந்ததும் விடுதிப் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டி, சோறு போடுகிற மாதிரி, "தாரே நி மோ" என்று மாயுவுக்கு ஒரு கரண்டி, ரகு சாருக்கு ஒரு கரண்டி பரிமாறினேன். மாயு சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தார். என் குரலுக்குத்தான் சிரிக்கிறார் என்று இன்னும் உருக்கமாகப் பரிமாறினேன். அவர் எழுந்து பாட்டை நிறுத்தினார்.

"என்ன கை அது? எதுக்கு அப்படி நீட்டுறீங்க?"

"தருகிறேன் என்று பாட்டில் வருகிறதே" என்றேன் எனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில்.

அவர் திரையைக் காட்டினார். நின்றுபோன வரி அங்கேயே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாரே நி மோ வத்தசனாய். தாரே என்றால் யார். தாரே நி மோ, யாருக்கும். வத்தசனாய் என்பதை மாயு நடித்துக் காட்டினார். மைக்கை நீட்டினார், நான் வாங்கப் போனதும் வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். மாட்டேன், கொடுக்க மாட்டேன். காதலியை எவனுக்கும் விடமாட்டேன் என்று ஒருவன் கத்துகிற பாட்டு அது. அதைத்தான் நான் மூன்று வருஷமாக அகப்பையால் அள்ளி ஊருக்கெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பொண்ணுக்கு மட்டும்தான் சொல்வீங்களா இந்த வார்த்தைய?" என்று கேட்டேன்.

"இல்லையே. சாவி, பத்திரம், கடை, கைமாத்துறது எல்லாத்துக்கும் அதான். ஒப்படைக்கிறது."

ஒப்படைக்கிறேன். கடிதத்தின் கடைசிச் சொல். ஜப்பான் பாட்டுக்கும் எங்கள் ஒன்பது மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பையன் ஒரு பெண்ணுக்காகப் பாடினான். ஆனால் விட்டுக்கொடுப்பதுதான் பெரிய மனசு என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானத்துக்கு அதுநாள் வரை பின்பாட்டு அதுதான். அது நின்றுபோனது. நின்ற பிறகு பார்த்தால் சமாதானத்தில் வேறு எதுவும் இல்லை. அப்பாவுக்கு அந்த நிலம் வேண்டுமா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் பதிலுக்காக அவர் காத்திருந்தார். நான் அவருடைய கைநாட்டுக்காகக் காத்திருந்தேன்.

மதியம் ஒரு மணிக்குப் போன் வந்தது. நம் ஊரில் காலை ஒன்பதரை. அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்தேன். பின்னாலேயே ரகு சாரும் வந்தார்.

"தம்பி, ஜமால் பேசுறேன்." திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஜமால் பாய் கடையிலிருந்துதான் எங்கள் பக்கத்துக்காரர்கள் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். அவர் மகன்கள் இருவரும் துபாயில் இருக்கிறார்கள். "அப்பா நிக்கிறாங்க. பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளையும் மைப்பொட்டியோட நிக்கிறாரு. அப்பாகிட்ட குடுக்கிறேன்."

"கதிரு, சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன்பா. உங்களுக்கு அந்த நெலத்த விட இஷ்டமா?"

"என் இஷ்டத்த யாரு கேட்டா" என்றார்.

"நான் கேக்குறேன்பா."

"விதை நெல்லு எடுத்து வச்சிட்டேன்" என்றார். அதுதான் பதில்.

"அப்ப வைக்காதீங்க. கைநாட்டு வைக்காதீங்க. யாருக்கும் ஒப்படைக்கிறதா இல்லன்னு சொல்லிடுங்க."

"அப்படியேவா சொல்லணும்?"

"அப்படியே சொல்லுங்க."

அப்பா போனை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "பையன் வேணாங்கிறானுங்க. எனக்கும் வேணாம்." அப்பாவின் மொழிபெயர்ப்பு அது. என்னுடையதை விட நன்றாக இருந்தது.

ரகு சார் சுவரில் சாய்ந்து நின்றார். "என்ன பண்ணிருக்கன்னு தெரியுதா ஒனக்கு?"

"தெரியும் சார்."

"ஜப்பான் போச்சு. வேலையும் போச்சு."

"பயிற்சி முடியற வரைக்கும் இருக்கேன். அப்புறம் உங்க இஷ்டம்."

"பாட்டுக் கேட்டுக் கெட்டுப்போனவன்டா நீ."

"டா வேணாம் சார். இங்க எல்லாரும் சான் போட்டுக் கூப்புடுறாங்க. உங்களையும்தான். கதிர்னு சொன்னாப் போதும்."

மூன்று வருஷ ஜப்பான் கண் முன்னால் போனது. பக்கத்து அறையில் டீச்சர்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரகு சார் என்னோடு பேசவில்லை. மாயுவுக்கு நடந்ததைப் பாதி ஜப்பான் பாஷையிலும் பாதி கைச் சாடையிலும் சொன்னேன். அவர் வத்தசனாய்க்குத் தமிழில் என்ன என்று கேட்டார். தர மாட்டேன் என்றேன். அன்று முழுக்க ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே "தர மாத்தேன், தர மாத்தேன்" என்று பழகினார். ஞாயிற்றுக்கிழமை ரகு சார் கையை நீட்டி அந்த ஸ்பானரைக் கேட்டார். மாயு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "தர மாத்தேன், ரகு-சான்" என்றார். ரகு சார் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. இரண்டு நொடிதான், பிறகு அடக்கிக்கொண்டார். அந்த இரண்டு நொடிக்காக அவரை முழுசாக வெறுக்க என்னால் முடியவில்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என்னைக் கடைக்கு வர வேண்டாம் என்றவரும் அவர்தான்.

விமானம் ஏறுமுன் கடைசிப் பரிந்துரையும் கிடைத்தது. மாயு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஒன்பது பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடுகிற ஒரு குழு. பெயரை எழுத மாட்டேன், நீங்கள் சிரிப்பீர்கள், பழத்தின் பெயர். ரிப்பன் கட்டிக்கொண்டு வருவார்கள், வரிக்கு வரி "விழுந்தா என்ன, எழுந்திரு" என்பார்கள். ஆம்பளைப் பையன் கேட்கிற பாட்டா என்று உங்கள் சிநேகிதர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். குனிந்து வேலை செய்கிறவனுக்கு இதைப் போலத் தாளம் வேறு எதிலும் இல்லை. இது நான் செய்து பார்த்துச் சொல்வது.

எப்படிச் செய்து பார்த்தேன் என்றால், குறுவைக்கு எங்களுக்கு மெஷின் கிடைக்கவில்லை. கடை அவர்களுடையது, கேட்டால் பழுது என்றார்கள். அப்பா, அம்மா, நான், இரண்டு ஆட்கள், கையால்தான் நட்டோம். அதற்குள் பெரிய வீட்டில் தஞ்சாவூரில் மனு போட்டுவிட்டார்கள். சொந்த உழைப்பில் பயிர் செய்தால்தான் சட்டப்படி குத்தகைதாரர். கோவிந்தனுக்கு வயதாகிவிட்டது, மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன், குடும்பத்தில் வயலில் இறங்க ஆள் இல்லை, ஆகவே பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மனு. அத்தாட்சியாக நான் விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிற படம். ரகு சார் எடுத்தது. என் முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

நடவின் மூன்றாம் நாள் வருவாய் ஆய்வாளர் நேரில் பார்க்க வந்தார். கூடவே பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை. நான் முழங்கால் சேற்றில், கையில் நாற்று முடி. போனைப் பாலிதீன் பையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தேன், ஒன்பது பெண்களும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் வரப்பில் நின்று காதைக் கொடுத்தார். "என்ன பாஷைப்பா அது?"

"ஜப்பான் சார்."

கணக்குப்பிள்ளைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல. இவன் ஜப்பான் பாட்டுக் கேக்குற ஆளு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு இன்னிக்கு வேஷம் கட்டியிருக்கான். இவனாவது சேத்துல எறங்குறதாவது."

நான் நட்டு வந்த இடத்தை ஆய்வாளர் பார்த்தார். மூன்று நாள் வேலை, பின்னால் பச்சையாக நின்றது. முதல் நாள் நட்டது கோணலாக இருந்தது, எனக்கே தெரியும். அதைக் கண்டு அவர் லேசாகச் சிரித்தார். "ஏம்ப்பா, நீ பாட்டுக் கேக்குற ஆளா, நடவு நடுற ஆளா? ஒன்னச் சொல்லு."

"பாட்டும் கேப்பேன் சார். நடவும் நடுவேன். ரெண்டையும் எழுதிக்குங்க."

அவர் குறிப்பேட்டில் ஒன்றைத்தான் எழுதினார். வழக்கு நடக்கிறது, அது அங்கே உதவும் என்கிறார்கள். இன்னொன்றை எழுத அவருடைய படிவத்தில் இடமில்லையாம். அதனால் அதை இங்கே எழுதியிருக்கிறேன்.